சுகர் உள்ள பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது எப்படி: செட்டிநாட்டுப் பெற்றோருக்கு

பிள்ளைக்குச் சுகர் என்று தெரிந்து, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து, ஊசி போட ஒருவழியாகக் கை பழகியதும் அடுத்த கவலை பள்ளிக்கூடம். "இந்த வருஷம் வீட்டிலேயே இருக்கட்டுமே" என்று அப்பத்தா சொல்வார். வேண்டாம். மருத்துவர் அனுப்பலாம் என்று சொல்லிவிட்டால் அனுப்பிவிடுங்கள். ஆனால் பிள்ளை போவதற்கு முன் நீங்கள் ஒருமுறை பள்ளிக்குப் போய்ப் பேசிவர வேண்டும். யாரிடம் பேசுவது, பையில் எதை வைப்பது, ஆசிரியருக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பள்ளிகளையும், நம் வீட்டுச் சாப்பாட்டையும், நம் வெயிலையும் மனத்தில் வைத்து எழுதியது.

நோயைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் முதல் வகை நீரிழிவு. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தியே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. இனிப்பு அதிகம் தின்றதாலோ நீங்கள் வளர்த்த விதத்தாலோ வந்ததில்லை. தொற்றாது. பெரியவர்களின் சுகரைப் போல மாத்திரையில் அடங்காது. இன்சுலினை வெளியிலிருந்து கொடுத்தே ஆக வேண்டும். ஆவாரம்பூக் கஷாயம், பாகற்காய்ச் சாறு என்று சொல்லி ஊசியை நிறுத்தச் சொல்பவர்கள் அன்போடுதான் வருவார்கள். அன்போடே மறுத்துவிடுங்கள். 1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடும்வரை, இந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து என்பது இன்றைக்கும் மாறவில்லை.

இன்சுலின் எடுக்கும் பிள்ளைக்குச் சர்க்கரை சில நேரம் ஏறும், சில நேரம் இறங்கும். ஏறுவது பெரும்பாலும் மணிக்கணக்கில் நடக்கும். பார்த்துச் சரிசெய்ய அவகாசம் உண்டு. இறங்குவது நிமிடக்கணக்கில் நடக்கும். கணக்குப் பாடத்தின் நடுவில், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே நடக்கும். அப்போது குளுக்கோஸ் பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அலுவலக அறை பீரோவில் பூட்டி வைத்திருந்தால் உதவாது. பள்ளியிடம் நீங்கள் கேட்கப்போகும் அத்தனையும் இந்த ஒன்றிலிருந்துதான் வருகின்றன.

யாரிடம் சொல்வது, மறைக்கலாமா

மறைக்கக் கூடாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் பல வீடுகளில் முதலில் தோன்றுவதே மறைக்கும் எண்ணம்தான். பெண் பிள்ளையென்றால் இன்னும் கூடுதல். "நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது இதையும் பேசுவார்களே" என்று எட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்துக் கலங்குகிறார்கள். அந்தக் கலக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மறைத்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிள்ளை கழிவறைக்குள் போய் ஒளிந்து ஊசி போட்டுக்கொள்ளும். இல்லையென்றால் மதிய ஊசியையே விட்டுவிடும். கை நடுங்கி வியர்க்கும்போதும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும். மயங்கி விழுந்தால், ஆசிரியர் வெயில் மயக்கம் என்று எண்ணி முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார். அந்த நிமிடங்கள் மிக விலை உயர்ந்தவை.

ஊரெல்லாம் சொல்லத் தேவையில்லை. தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், பிள்ளை சத்துணவு சாப்பிட்டால் சத்துணவு அமைப்பாளர், பள்ளிப் பேருந்தில் போனால் ஓட்டுநரும் உதவியாளரும், பக்கத்தில் உட்காரும் தோழி ஒருத்தி. இவர்களுக்குத் தெரிந்தால் போதும். தோழி செய்ய வேண்டியது ஒன்றே: "டீச்சர், இவளுக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்று உடனே எழுந்து சொல்வது. மற்ற பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்பதைப் பிள்ளையையே கேட்டு முடிவு செய்யுங்கள். சில பிள்ளைகள் வகுப்பு முன்னால் நின்று, ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவியான குளுக்கோமீட்டரைக் காட்டி விளக்கவே ஆசைப்படுவார்கள்.

அப்பாவும் அம்மாவும் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்க, அப்பத்தாவோ ஆயாவோ வளர்க்கும் பிள்ளைகள் நம் ஊர்களில் நிறைய. அப்படியென்றால் பள்ளியிடம் பேசப் போகும்போது பெரியவரும் கூடப் போக வேண்டும். அவசரத்துக்குக் கூப்பிடும் முதல் எண் வெளிநாட்டு எண்ணாக இருக்கக் கூடாது. பத்து நிமிடத்தில் பள்ளிக்கு வந்து சேரக்கூடிய ஒருவருடைய எண்ணாக இருக்க வேண்டும். சித்தப்பாவோ, பக்கத்து வீட்டு அக்காவோ, யாராயினும் சரி.

கடிதம்

வாயால் சொன்னது அடுத்த வாரம் மறந்துபோகும். ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதுங்கள். இதைப் போல எழுதலாம்:

"என் மகள் ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கிறாள். அவளுக்கு முதல் வகை நீரிழிவு உள்ளது, இன்சுலின் எடுத்துக்கொள்கிறாள். வகுப்பறையிலேயே ரத்தச் சர்க்கரை பார்த்துக்கொள்ளவும், பாடம் நடக்கும்போதும் தேவைப்பட்டால் குளுக்கோஸோ சிற்றுண்டியோ சாப்பிடவும், தண்ணீர் குடிக்கவும், கேட்டவுடன் கழிவறைக்குச் செல்லவும் அனுமதிக்க வேண்டுகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஊசி போட்டுக்கொள்ளச் சுத்தமான இடம் ஒன்று வேண்டும். சர்க்கரை குறைந்திருக்கும்போது அவளைத் தனியாக எங்கும் அனுப்ப வேண்டாம். மருத்துவரின் குறிப்பையும் அவசரத் தொலைபேசி எண்களையும் இணைத்திருக்கிறேன்."

கடைசி வேண்டுகோளை அடிக்கோடிடுங்கள். தலை சுற்றுகிறது என்று சொல்லும் பிள்ளையை "ஆபீஸ் ரூமுக்குப் போய் உட்காரு" என்று தனியே அனுப்புவது ஆசிரியர்களின் இயல்பான வழக்கம். சர்க்கரை குறைந்த பிள்ளை மாடிப்படியில் நடக்கவே கூடாது.

மருத்துவரின் குறிப்பில் இன்சுலின் பெயர், அளவு, நேரம், சர்க்கரை குறைந்தால் எத்தனை கிராம் குளுக்கோஸ் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். கடிதத்தின் நகல் ஒன்றில் பள்ளி முத்திரையோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையின் டப்பா

புத்தகப் பையில் எப்போதும் இருக்க வேண்டிய சின்ன டப்பா ஒன்று. அதில் குளுக்கோமீட்டர், ரத்தத் துளியை வைக்கும் ஸ்ட்ரிப், விரல் குத்தும் ஊசி, சிறு பொட்டலங்களாக மடித்த குளுக்கோஸ் பவுடர், ஒரு பாக்கெட் பிஸ்கட் அல்லது கடலை உருண்டை, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை. இதே போன்ற இன்னொரு டப்பாவை ஆசிரியர் மேசையில் கொடுத்துவையுங்கள். பையை மறந்துவிட்டு மைதானத்துக்குப் போகும் நாட்கள் வரும்.

ஸ்ட்ரிப் குப்பியை எடுத்தவுடன் மூடப் பழக்குங்கள். சூடும் ஈரமும் ஸ்ட்ரிப்பைக் கெடுக்கும். விரலைத் தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகே சோதிக்க வேண்டும். வெல்லம் ஒட்டிய விரலில் குத்தினால் இல்லாத சர்க்கரையை மீட்டர் காட்டும். பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். சர்க்கரையைத் தானே பார்த்துச் சொல்லும் சென்சாரைக் கையில் ஒட்டியிருக்கும் பிள்ளையென்றால், அதைப் படிக்கும் கருவியையோ கைப்பேசியையோ வைத்திருக்கக் கடிதத்திலேயே அனுமதி கேட்டுவிட வேண்டும். பள்ளிகள் பொதுவாகக் கைப்பேசியை அனுமதிப்பதில்லை.

இன்சுலினுக்கு நம் ஊர் வெயில் பெரிய எதிரி. பிரிக்காத இன்சுலினை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைய விடக் கூடாது. பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பேனாவை (பேனா வடிவ ஊசி) 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் பெரும்பாலும் நான்கு வாரம்வரை வைத்துக்கொள்ளலாம். உங்கள் இன்சுலினின் அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரை வைகாசியில் தகரக் கூரை வகுப்பறைக்குள் 30 டிகிரி எங்கே இருக்கிறது? பள்ளியில் ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் மண்பானை போதும். பெரிய பானையில் ஈர மணலை இட்டு, அதற்குள் மூடியுள்ள சின்னக் கலயத்தை வைத்து, கலயத்துக்குள் பேனாவை வைக்கலாம். மணலில் தினம் தண்ணீர் தெளித்தால் உள்ளே குளிர்ச்சி நிற்கும். நல்ல மண்பாண்டம் செய்யும் மானாமதுரை நமக்குக் கைக்கெட்டும் தூரம்தான். வண்டி டிக்கியில் மட்டும் இன்சுலினை வைக்காதீர்கள்.

சர்க்கரை இறங்கினால்

ஆசிரியருக்கு மற்ற எதையும் சொல்லிக்கொடுக்க நேரம் இல்லாவிட்டாலும் இதை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள்.

மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் குறைவு. அடையாளங்கள்: கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, முகம் வெளுப்பது, காரணமில்லாத அழுகை அல்லது கோபம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, எழுத்து கோணலாவது. நன்றாகப் படிக்கும் பிள்ளை திடீரென்று விழித்துக்கொண்டு நின்றால், அதட்டுவதற்கு முன் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். காலைப் பிரேயரில் வெயிலில் நிற்கும்போது தள்ளாடினாலும் அப்படித்தான்.

பிள்ளையை இருந்த இடத்திலேயே உட்கார வையுங்கள். சோதியுங்கள். மீட்டர் கையில் இல்லையென்றால் குறைவு என்றே எடுத்துக்கொண்டு குளுக்கோஸைக் கொடுங்கள். பெரியவர்களுக்கு 15 கிராம் என்பார்கள். பிள்ளைகளுக்கு எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு ஏறத்தாழ 0.3 கிராம்: 20 கிலோ பிள்ளைக்கு 6 கிராம், 30 கிலோ பிள்ளைக்கு 9 கிராம். உங்கள் பிள்ளைக்கான அளவை மருத்துவரிடம் உறுதி செய்துகொண்டு, வீட்டிலேயே அளந்து பொட்டலம் கட்டிவிட்டால், பதற்றத்தில் ஆசிரியர் கரண்டியைத் தேட வேண்டியதில்லை. தண்ணீரில் கலக்கிக் குடிக்கலாம். குளுக்கோஸ் இல்லாவிட்டால் சர்க்கரைத் தண்ணீர், பழச்சாறு. 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி அதே அளவு. ஏறிய பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் இரண்டு பிஸ்கட். அந்த நேரம் முழுவதும் ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, "சுகர் பிள்ளைக்கு இனிப்புக் கொடுக்கலாமா" என்று ஆசிரியர் தயங்குவது. சர்க்கரை இறங்கிய பிள்ளைக்கு அந்த நேரத்தில் இனிப்புதான் மருந்து என்று ஒருமுறைக்கு இருமுறை சொல்லுங்கள். இன்னொன்று, இனிப்புதானே என்று சாக்லெட்டையோ கந்தரப்பத்தையோ கருப்பட்டிப் பணியாரத்தையோ கொடுப்பது. கொழுப்பும் எண்ணெயும் சேர்ந்த இனிப்பு ரத்தத்தில் ஏற நேரமாகும். முதலில் குளுக்கோஸ், பணியாரம் பிறகு.

பிள்ளை மயங்கிவிட்டால், வலிப்பு வந்தால், விழுங்க முடியாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108-க்கு அழைத்து, "இன்சுலின் எடுக்கும் பிள்ளை, சர்க்கரை இறங்கி மயங்கிவிட்டது" என்று சொல்லுங்கள். பிறகு பெற்றோரைக் கூப்பிடுங்கள். இறங்கிய சர்க்கரையை வேகமாக ஏற்றும் குளுக்ககான் ஊசி எல்லா மருந்துக்கடைகளிலும் கிடைப்பதில்லை. மருத்துவர் எழுதிக்கொடுத்து உங்களிடம் இருந்தால், அதைப் போடத் தெரிந்த ஒருவராவது பள்ளியில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் இன்சுலின் போடக் கூடாது என்பதையும் சிவப்பு மையில் எழுதிவையுங்கள்.

ஏறினால்

தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு. தண்ணீரும் கழிவறை அனுமதியும் கொடுத்தால் பள்ளி தன் பங்கைச் செய்துவிட்டது, மீதி உங்களிடம். ஆனால் 250-க்கு மேல் இருந்து, கூடவே வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, மூச்சில் பழ வாடை என்று வந்தால் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். "ஒன்றும் சாப்பிடவில்லையே" என்று அன்றைக்கு இன்சுலினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரைக் கேட்டு அளவை மாற்றுங்கள். காரைக்குடியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிக்கலுக்குச் சிவகங்கை மருத்துவக் கல்லூரியும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையும் உண்டு. இரவில் எங்கே போவது என்பதை இப்போதே முடிவு செய்துவையுங்கள்.

சாப்பாடும் ஊசியும்

நேரக் கணக்குதான் இங்கே முக்கியம். வேகமாக வேலை செய்யும் புதுவகை இன்சுலினைச் சாப்பாட்டுக்கு 10, 15 நிமிடம் முன்பும், அரசு மருத்துவமனையில் பெரும்பாலும் கிடைக்கும் சாதா இன்சுலினை அரைமணி நேரம் முன்பும் போடுவார்கள். போட்டபிறகு சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கும். ஆகவே மணி அடிக்கும் நேரத்தைத் தெரிந்துகொண்டு ஊசி நேரத்தை மருத்துவரோடு பேசி வையுங்கள். காலையும் மாலையும் மட்டும் கலப்பு இன்சுலின் போடும் பிள்ளைக்குப் பதினோரு மணிவாக்கில் ஒரு சிற்றுண்டி தவறக் கூடாது. இன்டர்வல் தள்ளிப்போனாலும் அந்தப் பிள்ளை வகுப்பிலேயே சாப்பிட வேண்டும்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பலர் பள்ளியிலேயே உப்புமா, கிச்சடி, பொங்கல் சாப்பிடுகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் வீட்டில் ஏழு மணிக்கு ஊசி போட்டுவிட்டுப் பள்ளியில் எட்டேகாலுக்குச் சாப்பிடலாம் என்று இருக்காதீர்கள். வீட்டில் ஊசியென்றால் சாப்பாடும் வீட்டில். பள்ளியில் சாப்பாடென்றால் ஊசியும் அங்கே. சத்துணவு சாப்பிடும் பிள்ளையின் தட்டில் எத்தனை கரண்டி சோறு விழும் என்பதை அமைப்பாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால், மருத்துவர் இன்சுலின் அளவை அதற்கேற்பச் சொல்வார். தினம் அதே அளவு வைக்கச் சொல்லுங்கள். முட்டையைத் தவறவிடச் சொல்லாதீர்கள்.

வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்தால் இட்லி, இடியாப்பம், வெள்ளைப் பணியாரம் எதுவும் விலக்கில்லை. எண்ணிக் கொடுங்கள். சின்ன இட்லி ஒன்றில் 10 முதல் 15 கிராம் மாவுச்சத்து இருக்கும். கூடவே சுண்டல், காய், முட்டை இருந்தால் சர்க்கரை மெதுவாக ஏறும். கவுனி அரிசி கறுப்பாக இருப்பதால் சுகருக்கு நல்லது என்று சிலர் சொல்கிறார்கள். நாம் செய்வது வெல்லமோ சர்க்கரையோ தேங்காயோ சேர்த்த இனிப்பு, அதையும் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

பிறந்தநாள் மிட்டாயைப் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்க வேண்டாம் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவரட்டும். சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டு ஊசியில் ஈடுகட்டலாம். பொங்கல் விழா, ஆண்டு விழா என்றால் முதல் நாளே சொன்னால் போதும்.

எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பெரியவர்தான் ஊசி போட வேண்டும். பள்ளியில் யாரும் முன்வராவிட்டால் வீட்டிலிருந்து ஒருவர் மதியம் போய்வர வேண்டியிருக்கும், அல்லது மதிய ஊசி தேவைப்படாத முறை உண்டா என்று மருத்துவரைக் கேட்கலாம். பெரிய பிள்ளை தானே போட்டுக்கொண்டாலும் அளவை ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது.

விளையாட்டு, பேருந்து, தேர்வு

பி.டி. பீரியடில் மரத்தடியில் உட்கார வைக்காதீர்கள். ஓடட்டும், கபடி ஆடட்டும். ஆடுவதற்கு முன் சோதிக்க வேண்டும். 90-க்குக் கீழே இருந்தால் முதலில் ஒரு வாழைப்பழம் போன்ற ஏதாவது. 250-க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்றைக்கு ஓய்வு. ஓடப்போகும் நாளில் தொடையில் ஊசி வேண்டாம். ஓடும் காலிலிருந்து இன்சுலின் வேகமாக ரத்தத்தில் கலக்கும். அதிகம் ஆடிய நாளின் இரவிலும் சர்க்கரை இறங்கலாம் என்பதால் படுக்கும் முன் சோதியுங்கள். விடுமுறையில் ஊருணியில் நீந்தப் போகும் பிள்ளையென்றால் கூட ஒரு பெரியவர் கரையில் நிற்க வேண்டும்.

பேருந்தில் ஏறும் முன் சோதித்துவிடச் சொல்லுங்கள். நடுவழியில் வண்டி நின்று போனாலும் பையில் குளுக்கோஸ் இருக்கும்.

சர்க்கரை இறங்கியும் ஏறியும் இருக்கும்போது தேர்வு எழுத முடியாது. சி.பி.எஸ்.இ. 2017 முதலே பொதுத்தேர்வு அறைக்குள் குளுக்கோஸ் மாத்திரை, பழம், சிற்றுண்டி, சிறு தண்ணீர்க் குப்பி கொண்டுபோக அனுமதித்திருக்கிறது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் மாநிலக் கல்வித் துறைகளுக்கு எழுதிய கடிதத்தில், முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகள் வகுப்பில் சர்க்கரை பார்க்க, ஊசி போட, இடையில் சாப்பிட, தேர்வறைக்குள் மீட்டரும் மருந்தும் உணவும் வைத்திருக்க அனுமதிக்கச் சொல்லியிருக்கிறது. மாநிலப் பாடத்திட்டப் பள்ளியென்றால் பொதுத்தேர்வுக்கு ஓரிரு மாதம் முன்பே மருத்துவச் சான்றிதழோடு தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். வேறு பள்ளியில் தேர்வு மையம் போட்டிருந்தால் அந்த மையத்துக்கும் தகவல் போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே கேட்டு உறுதி செய்யுங்கள்.

பள்ளி மறுத்தால்

மறுப்பவர்களில் பெரும்பாலோர் பயத்தால் மறுக்கிறார்கள். "ஏதாவது ஆகிவிட்டால் எங்கள் மேல் பழி வருமே" என்பதுதான் உள்ளே இருக்கும் பேச்சு. அவர்களை ஊசி போடச் சொல்லவில்லை, குளுக்கோஸ் கொடுக்கவும் 108-ஐக் கூப்பிடவும் மட்டுமே கேட்கிறோம் என்று விளக்கினால் பலர் இணங்கிவிடுவார்கள். மருத்துவரையோ மருத்துவமனைச் செவிலியரையோ தலைமையாசிரியரோடு ஐந்து நிமிடம் தொலைபேசியில் பேசவைப்பது இன்னும் உதவும். அரசுப் பள்ளியென்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுப்பலாம். உடல்நலப் பரிசோதனைக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொல்லி ஆசிரியர்களிடம் பேசச் சொல்லலாம். அதற்கும் அசையாவிட்டால் 2023 கடிதத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் கேளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. ஆறு முதல் பதினான்கு வயதுவரை பிள்ளைக்குக் கல்வி உரிமை சட்டப்படி உண்டு.

ஒவ்வொரு ஜூனிலும் இத்தனையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். பிள்ளையின் எடை கூடியிருக்கும், இன்சுலின் அளவு மாறியிருக்கும், வகுப்பாசிரியர் புதியவராக இருப்பார். பள்ளி திறக்கும் வாரத்திலேயே கடிதத்தைப் புது அளவுகளோடு எழுதி, குளுக்கோஸ் பொட்டலங்களைப் புது எடைக்கு அளந்து கட்டி, தேதி முடிந்த ஸ்ட்ரிப்களை மாற்றி, இரண்டு டப்பாவையும் கொடுத்துவிட்டு வாருங்கள். ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகும் ஆண்டில், சேர்க்கைப் படிவம் வாங்கும் நாளிலேயே பேசிவிடுங்கள்.